பழைய சவரக்கத்தி: கழற்றிப் புதுப்பிப்பதா, கழற்றாமலே தேற்றுவதா?

பழைய மடக்கு சவரக்கத்தி ஒன்று கைக்கு வந்ததும் எழுகிற முதல் ஆசை, அதைப் பிரித்துப் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பதுதான். பிரிப்பது பெரிய வேலையே இல்லை. ஓர் அரமும் ஆணியைத் தட்டித் தள்ளும் ஒரு ‘பஞ்ச்’ கருவியும் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அலகு தனியாக, பிடி தனியாக வந்துவிடும். திரும்பப் பூட்டுவதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. உலர்ந்துபோன கொம்புப் பிடி, ரிவிட் அடிக்கும்போது ஒரு தட்டு கூடிப்போனால் ‘டிக்’கென்று விரிந்துவிடும். அதனால் எந்த உப்புத்தாள், எந்த அமிலம், எந்த பாலிஷ் என்பதெல்லாம் அப்புறம். கீல் ஆணியை எடுப்பதா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மற்ற முடிவுகளில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

பாகங்கள் அதிகமில்லை. அலகு, அதன் தடித்த முதுகு, வெட்டுகிற வாய், பிடிக்குள் நுழைகிற கழுத்து, விரல் வைத்துத் திறக்கிற வால். பிடி என்பது இரண்டு மெல்லிய பட்டைகள். ஒரு முனையில் கழுத்தைத் துளைத்துப் போகிற கீல் ஆணி. மறுமுனையில் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே ஒரு சிறிய ஆப்பு, அதைப் பிடித்திருக்கும் இன்னோர் ஆணி. சில கத்திகளில் நடுவிலும் ஓர் ஆணி உண்டு. இவை திருகாணிகள் அல்ல. சுமார் 1.6 மி.மீ. கனமுள்ள பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர் கம்பியை நுழைத்து, இருபுறமும் பொடி வாஷர் போட்டு, தலையைச் சுத்தியலால் தட்டிப் பரத்தியிருப்பார்கள். ஒருமுறை எடுத்தால் அந்த ஆணி போனது போனதுதான், புதுக் கம்பிதான் போட வேண்டும்.

முதலில், அந்தக் கத்தி தேறுமா?

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன் கத்தி அந்த உழைப்புக்குத் தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் வாயை முனையிலிருந்து கழுத்துப் பக்கத்துக் குதிகால் வரை மெதுவாகப் பாருங்கள். பழைய கத்தி யார் முகத்தில் எல்லாம் ஓடியதோ தெரியாது என்பதால் அந்த ஆல்கஹால் துடைப்பு எப்படியும் அவசியம்தான்.

மயிரிழை விரிசல் ஒன்று வாயிலிருந்து மேலே ஓடினால் சவரத்துக்கு அந்தக் கத்தி முடிந்தது. எவ்வளவு தேய்த்தாலும் விரிசல் போகாது. மழிக்கும்போது அந்த இடத்தில் சில்லு பெயரும். அலகில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், விரிசலில் புகுந்த எண்ணெய் மெல்லிய கோடாகக் கசிந்து காட்டிக் கொடுக்கும். முழுக் குழிவாகத் தேய்த்த மெல்லிய அலகாக இருந்தால் நகத்தால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் சந்தேகப்படலாம்.

துருக்குழிகள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். முதுகிலோ கழுத்திலோ அலகின் நடுவிலோ கருப்புப் புள்ளி இருந்தால் அழகுதான் கெடுகிறது, வேலை கெடவில்லை. வாயிலேயே குழி இருந்தால், தீட்டத் தீட்ட ஒவ்வொரு குழியும் ஒரு பொத்தலாகத் திறக்கும். அந்த ஆழம் முழுவதையும் கல்லில் தேய்த்துக் கழிக்க வேண்டும். அதற்கு அலகில் அகலம் மிச்சம் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும். ஆகவே வாயின் கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் கனமும் அலகின் அகலமும்தான். அகலம் 17 மி.மீ., முதுகு 5 மி.மீ. என்றால் கோணம் சுமார் 17 பாகை. நல்ல கத்திகள் பெரும்பாலும் இந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். வாய் தேய்ந்து அகலம் 15 மி.மீ. ஆகி, முதுகு மட்டும் அப்படியே இருந்தால் கோணம் 19 பாகையைத் தாண்டும். மழிக்கும்போது மயிரை வெட்டாமல் இழுக்கும். முதுகு 4 மி.மீ. ஆகத் தேய்ந்து அகலம் குறையாமல் இருந்தால் 13.5 பாகை. கூர் வரும், நிற்காது. அழகுக்காக முதுகை உப்புத்தாளால் வழித்துத் தள்ளுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் கலைத்துவிடுகிறார்கள்.

வாயின் வடிவமும் பார்க்க வேண்டியதே. நடு வெளியே வளைந்திருந்தால் பரவாயில்லை, பல பழைய கத்திகள் அப்படித்தான் செய்யப்பட்டன. நடு உள்ளே குழிந்திருந்தால் அது தப்பான தேய்ப்பின் விளைவு. நிறைய உலோகத்தைக் கழித்தால்தான் நேராகும்.

இத்தனையும் பார்த்துவிட்டு ‘இது அலமாரிக்கு மட்டும்’ என்று தெரிந்தால், என் அபிப்பிராயத்தில் அந்தக் கத்தியைக் கழற்றவே கூடாது. துருவை நிறுத்தி, எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

கழற்றாமல் எவ்வளவு தூரம் போகலாம்

நினைப்பதைவிட நிறையத் தூரம் போகலாம். கழற்றியே ஆக வேண்டும் என்பதற்குப் பலர் சொல்லும் காரணம் ‘அலகு லொடலொடவென்று ஆடுகிறது’ என்பது. ஆட்டத்துக்கு ஆணியை எடுக்க வேண்டியதில்லை. கீல் ஆணியின் ஒரு தலையை இரும்புப் பரப்பில் வைத்து, மறு தலையின் ஓரங்களில் சிறிய உருண்டைத் தலைச் சுத்தியலால் நாலைந்து முறை மெல்லத் தட்டினால் இறுகிவிடும். புரட்டி அந்தப் பக்கமும் அப்படியே. திறந்த அலகு தன் எடைக்குத் தானாக விழாமல், விரலால் தள்ளினால் நகர்கிற அளவு போதும். அதற்கு மேல் இறுக்கினால் பிடிதான் விரியும்.

கழுத்துக்கும் பட்டைகளுக்கும் இடையிலுள்ள கருப்பு அழுக்குக்கு, 600 எண் வாட்டர் பேப்பரைக் குறுகிய நாடாவாகக் கிழித்து உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுக்கலாம். பட்டையின் உட்புறம் கீறாமலிருக்க, தேய்க்கிற முகம் இரும்பைப் பார்த்திருக்க வேண்டும். கீலில் ஒரு சொட்டு மினரல் எண்ணெய் விட்டு அலகைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் பழைய துருக்குழம்பு வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. சுத்தமான எண்ணெய் வரும்வரை இதுதான் வேலை.

அலகின் முகத்தைப் பொறுத்தவரை ஆட்டோசால் மாதிரியான உலோக பாலிஷே லேசான துருவையும் கறையையும் எடுத்துவிடும். பிடியை மாஸ்கிங் டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள். பாலிஷின் கருப்புக் குழம்பு எலும்பிலும் தந்தத்திலும் இறங்கினால் பிறகு எடுக்க முடியாது.

இந்த வழிக்கு எல்லை உண்டு. துருநீக்கும் திரவம் எதிலும் கத்தியை முக்க முடியாது; பிடி கெடும், கீலுக்குள் புகுந்த திரவம் வெளியே வராமல் உள்ளிருந்தே அரிக்கும். பட்டைகள் கழுத்தை மூடியிருக்கும் இடத்தைச் சீராகத் தேய்க்கவும் முடியாது. ஆழமான குழிகளை முழுதாக எடுப்பதும் நடக்காது. ஆனால் குழியை முழுதாக எடுத்தே ஆக வேண்டுமா என்ன? சவரத்துக்கு வேண்டியது சுத்தமான வாய்தான். முகத்தில் நாலு கருப்புப் புள்ளி இருந்தால் கன்னத்துக்குத் தெரியப்போவதில்லை.

கழற்றியே ஆக வேண்டிய நிலைகள்

முதல் நிலை செல்லுலாய்டு அழுகல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆமை ஓடு போலவும் தந்தம் போலவும் தோற்றம் காட்டும் பிடிகள் செல்லுலாய்டில் ஏராளமாக வந்தன. அது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். துணியால் சூடேறத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். வயதாகிச் சிதையத் தொடங்கினால் அதிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் கசியும். ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். பட்டைகளுக்கு இடையே மறைந்திருக்கும் பகுதியில் மட்டும் அலகு கடுமையாகத் துருப்பிடித்திருப்பது, வாஷர்களில் பச்சைக் களிம்பு, பட்டையில் நுண்விரிசல், புளித்த நெடி இவையெல்லாம் அதன் அடையாளங்கள். இதற்கு வைத்தியம் கிடையாது. பிடியைக் கழற்றி எறிய வேண்டும். அதுவரை மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது, பக்கத்துக் கத்தியையும் அரிக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்துச் சோதிக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, கீல் ஓட்டையைச் சுற்றிப் பிடி விரிந்திருப்பது. மூன்றாவது, கீலுக்குள்ளேயே துரு இறங்கி அலகு அசைய மறுப்பது. ஆணி வளைந்து, மூடும்போது அலகின் வாய் பட்டையில் இடிப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இடிக்கிற எல்லாக் கத்தியிலும் ஆணி வளைந்திருக்காது. கொம்புப் பட்டையே கோணியிருக்கலாம். கொம்பைச் சூடான நீராவியில் இளக்கி நேராக்கிக் கட்டி ஆறவிட்டால் நிமிரும். அதைக் கழற்றாமலும் செய்யலாம்.

இவற்றைத் தவிர வேறு காரணம் எதுவானாலும், அதாவது ‘உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்’, ‘கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும்’ போன்றவை, அது கத்திக்கான தேவையாக இராது, நம்முடைய ஆசையாகத்தான் இருக்கும். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டில் 1800களின் முற்பாதியில் செய்த, அழுத்திய கொம்புப் பிடியும் ஈய ஆப்பும் கலையாமல் இருக்கிற கத்தியை அந்த ஆசைக்குப் பலி கொடுக்கக் கூடாது.

வயதைக் கழுத்து முத்திரையே ஓரளவு சொல்லிவிடும். கிரீடத்தோடு ‘டபிள்யூ ஆர்’ என்றிருந்தால் இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியம் காலம், 1830 முதல் 1837 வரை. ‘வி ஆர்’ என்றிருந்தால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்தால், அந்நாட்டுக்குப் போகும் சரக்கில் 1891 முதல் உற்பத்தி நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டியதாயிற்று. ஆகவே ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்ற முத்திரை பெரும்பாலும் அதற்குப் பிந்திய கத்தி என்பதற்கு அடையாளம். இந்த முத்திரைகள் ஆழமில்லாதவை. கழுத்தை உற்சாகமாகத் தேய்த்தால் முதலில் மறைவது இவைதான்.

கழற்றுவது என்றால் எப்படி

மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. நான் பரிந்துரைப்பது அரத்தால் தேய்க்கும் முறை. பட்டையின்மேல் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டி, வாஷரும் ஆணித்தலையும் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஓட்டையிட்டுக்கொண்டு, பொடி அரத்தால் தலையைத் தேய்க்க வேண்டும். முதலில் உருண்டைத் தலையின் உச்சியில் ஒரு சின்ன தட்டை வட்டம் மின்னும். அது விரிந்து விரிந்து, வாஷர் ஓட்டையின் விளிம்பைத் தொடும் நேரத்தில் தலையைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று தெரியும். அதன் பிறகு இரண்டு மூன்று இழுப்புதான், வாஷர் தானாக ஆடத் தொடங்கும். ஊசியால் நெம்பி எடுத்துவிடலாம்.

டிரில் முறையில் வேகம் உண்டு. 1.6 மி.மீ. பிட்டால் தலையின் நடுவில் ஒரு குழி போட்டால் வாஷர் விடுபடும். ஆனால் பித்தளை வழுக்கும், பிட் நழுவினால் கொம்பில் நேராக இறங்கும். ஆணி இரும்பாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். மூன்றாவது, பட்டைக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் பொற்கொல்லர் ரம்ப அலகை விட்டு ஆணியையே அறுப்பது. உளுத்துப்போன பட்டைகளைத் தட்டவே பயமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். கழுத்தில் கீறல் விழும் என்பதை ஏற்றுக்கொண்டு.

எந்த முறையானாலும் ஆணியை வெளியே தள்ளும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பல வருஷம் முன்பு தட்டிய தட்டில் ஆணி ஓட்டைக்குள்ளேயும் கொஞ்சம் உப்பியிருக்கும். ஒரு தலையைத் தேய்த்துவிட்டோமே என்று அங்கிருந்து ஓங்கி அடித்தால், அந்த உப்பல் பட்டையைப் பிளந்துகொண்டுதான் போகும். கீழே ஓட்டையிட்ட மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, ஆணியைவிடச் சன்னமான பஞ்ச் கருவியால் சின்னச் சின்னத் தட்டாகப் போங்கள். நகரவில்லையா, மறு தலையையும் தேய்த்துவிடுங்கள்.

ஆப்புப் பக்கத்து ஆணியைத் தொட வேண்டாம். கீல் ஆணி மட்டும் போனாலே அலகு தனியாக வந்துவிடும். பட்டைகளைக் கொஞ்சம் அகற்றி உள்ளே சுத்தம் செய்ய இடமும் கிடைக்கும். ஆப்பு பெரும்பாலும் ஈயம். அதன் சரிவும் கனமும் அந்தக் கத்திக்கென்றே தட்டிச் சரிசெய்தவை. கழற்றினால் அதே சரிவை மறுபடி கொண்டுவருவது லேசில் நடக்காது. ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

துருவை எடுக்க: கை, திரவம், மெஷின்

அலகு தனியாக வந்தபின் வழிகள் அதிகம். அதனால் சபலமும் அதிகம்.

கையால் வாட்டர் பேப்பர் போடுவது நேரம் பிடிக்கும், விரல் வலிக்கும், ஆனால் எங்கே நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. முதலில் வாயை ஒரு கண்ணாடி விளிம்பில் லேசாக இழுத்து மழுக்கிக்கொள்ள வேண்டும். எப்படியும் பிறகு புதிதாகத் தீட்டத்தான் போகிறோம். அலகைத் தட்டையான மரத்தில் காந்தத்தாலோ டேப்பாலோ நிறுத்தி, கார்க் துண்டில் தாளைச் சுற்றி, தண்ணீரோ எண்ணெயோ விட்டுத் தேய்க்கலாம். 400இல் தொடங்கி 600, 800, 1000 என்று போகும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கீறல் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். 220, 320 எண்களில் தொடங்கினால் குழி சீக்கிரம் போகும், ஆனால் அந்தத் தாள் போட்ட கீறலை எடுக்கவே பாதி உழைப்பு போய்விடும். கழுத்தும் அலகும் சேரும் தோள்பட்டையின் கூரிய கோடுகளுக்குத் தாளை விரலில் வைத்துத் தேய்க்கக் கூடாது. கெட்டியான கட்டையில்தான் சுற்ற வேண்டும். விரல் மென்மையாக அழுத்தி அந்தக் கோடுகளையெல்லாம் உருட்டிவிடும். புதுப்பித்த கத்தி சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தால் காரணம் இதுதான்.

வினிகரும் சிட்ரிக் அமிலமும் துருவோடு நிற்பதில்லை, எஃகையும் தின்னும். அரை மணி நேரத்தில் அலகு சாம்பல் நிறமாகி மின்னல் போய்விடும். இரவு முழுக்க ஊறவிட்டால் வாயின் மெல்லிய பகுதியில் பொடிப் பொடிக் குழிகள் புதிதாக விழும். துருவை மட்டும் பிணைத்துக் கரைக்கிற இவாப்போரஸ்ட் மாதிரி நடுநிலைத் திரவங்கள் இதைவிட மேல். நல்ல எஃகைப் பெரிதாகத் தொடாது, கருத்துப்போன நிறம் மட்டும் தங்கும். எதுவாக இருந்தாலும் அலகில் தங்க முலாம் பூசிய எழுத்தோ அரித்த சித்திரமோ இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். அந்த முலாம் கனம் என்று சொல்லவே முடியாத அளவு மெல்லியது. உலோக பாலிஷ் போட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும்.

கரைசலில் மின்சாரம் செலுத்தித் துரு எடுக்கும் மின்பகுப்பு முறையைப் பெரிய இரும்புக் கருவிகளுக்குச் சொல்வார்கள். சவரக்கத்திக்கு நான் சொல்ல மாட்டேன். இந்த அலகுகள், எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டிய கடினம் கொண்டவை. அத்தனை கடினமான எஃகுக்குள் அலகு மாட்டியிருக்கும் எதிர்மின்முனையில் உண்டாகும் ஹைட்ரஜன் புகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். மேலும், எதிரில் ஸ்டெயின்லெஸ் துண்டைத் தொங்கவிடுகிறவர்கள் நச்சான குரோமியத்தையும் தொட்டியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

துணிச் சக்கரம் சுழற்றிப் பளபளப்பாக்கும் பஃப் மெஷின் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் அதுதான் குறுக்குவழி. ஆபத்து இரண்டு. வாய்ப்பக்கம் தாளைவிட மெல்லியது. சக்கரத்தில் வைத்த ஓரிரு நொடியில் சூடேறும். எஃகு வைக்கோல் மஞ்சளாகும்போது வெப்பம் 220 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும், நீலமாகும்போது 300ஐ நெருங்கியிருக்கும். நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது, கூர் இனி நிற்காது. தேய்த்து நீலத்தை மறைக்கலாம், பதம் திரும்பாது. கையுறை இல்லாமல் அலகைப் பிடித்திருந்து, விரலுக்குச் சுட்டவுடன் நிறுத்துவதுதான் பாதுகாப்பான அளவுகோல். இரண்டாவது ஆபத்து, சக்கரம் அலகின் விளிம்பைக் கவ்விப் பிடுங்கி எறிவது. அது எங்கே போய்க் குத்தும் என்று யாரும் சொல்ல முடியாது. கை பழகாதவர்களுக்கு மெஷின் வேண்டவே வேண்டாம். 800 எண் தாளோடு நிறுத்திய, ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் கொண்ட முகம், பழைய கத்திக்குக் கண்ணாடிப் பளபளப்பைவிட நன்றாகவே பொருந்துகிறது. கைரேகையும் அவ்வளவாகத் தெரியாது.

பழைய பிடியா, புதுப் பிடியா

செல்லுலாய்டு அழுகல் என்றால் கேள்வியே இல்லை, புதிதுதான். மற்றவற்றில் நான் பழையதன் பக்கம்.

கொம்பு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும். உலர்ந்து வெளிறியிருந்தால் மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் சில நாள் ஊறவைக்க, நிறமும் நெகிழ்வும் திரும்புவது ஆச்சரியமாக இருக்கும். பூச்சி அரித்த பொத்தல்களையும் சிறு விரிசல்களையும் நீர்மாதிரி ஓடுகிற சூப்பர் குளூவால் அடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டால் தேடினால்தான் தெரியும். ஆனால் ஒட்டும் வேலை எண்ணெய்க்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், எண்ணெய் இறங்கிய கொம்பில் பசை பிடிக்காது. தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். கொம்பு, எலும்புத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கெட்டி ரப்பர் பிடிகள் கருப்பாக இருந்து வெயில் பட்டுப் பழுப்பாகியிருக்கும். தேய்த்தால் கந்தக வாசனை வரும். இவற்றை வெந்நீரில் போடாதீர்கள், பழுப்பு இன்னும் ஏறும். நுண்ணிய தாளால் மேற்பரப்பை மட்டும் எடுத்து எண்ணெய் தடவினால் கருப்பு வரும். தந்தமும் அழுங்காமை ஓடும் வேறு கதை. வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். இரண்டுமே, அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. அந்தப் பிடியோடு கத்தியை நாடு விட்டு நாடு அனுப்புவது சட்டச் சிக்கல். வாங்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகச் செய்வதென்றால் மரம், அக்ரிலிக், பிசினேற்றிய துணியாலான மைக்கார்ட்டா, பிசினேற்றிய கண்ணாடி இழையாலான ஜி10 எல்லாம் உண்டு. மரம் அழகு, ஆனால் குளியலறை ஈரத்தில் கோணும். நன்றாக எண்ணெயோ சூப்பர் குளூ பூச்சோ ஏற்றியிருக்க வேண்டும். மைக்கார்ட்டாவும் ஜி10உம் ஈரத்துக்கு அசையாது, மெல்லியதாக அறுத்தாலும் உறுதி நிற்கும். புதுப் பிடியில் பலர் கவனிக்காதது எடை. அகலமான கனத்த அலகுக்கு இறகுபோன்ற அக்ரிலிக் பிடி போட்டால் கையில் தலை தூக்கி ஆடும். பழைய ஈய ஆப்பு இந்தக் கணக்குக்கும் உதவியது.

ரிவிட்டா, குட்டித் திருகாணியா

திரும்பப் பூட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று பழையபடி கம்பி. மற்றது 0-80 அளவு குட்டித் திருகாணியும் நட்டும். இதன் கனம் சுமார் 1.5 மி.மீ. என்பதால் பழைய ஓட்டையிலேயே நுழைந்துவிடும். திருகாணி போட்டால் கழற்றலாம், மாட்டலாம், இறுக்கத்தைச் சரிசெய்யலாம், பிடி விரியும் பயம் குறைவு. பார்வைக்குக் கொஞ்சம் பிசகும், நாளடைவில் தளரவும் செய்யும்.

இரண்டையும் எதிரெதிராக வைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதலில் திருகாணியால் மாட்டி, அலகு பட்டைகளின் நடுவே இறங்குகிறதா, வாய் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். கோணல் இருந்தால் அந்த நிலையிலேயே ஆப்பையோ வாஷரையோ திருத்தலாம். எல்லாம் சரியென்றான பிறகு திருகாணியை எடுத்துவிட்டுக் கம்பி போடுங்கள். நேரடியாகக் கம்பியில் இறங்குகிறவர்கள் கோணலைக் கண்டுபிடிப்பது ரிவிட் அடித்து முடித்த பிறகுதான்.

கம்பி, வாஷருக்கு மேலே இருபுறமும் முக்கால் மி.மீ. அளவுதான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் விட்டால் தலை பரவாமல் கம்பி மடங்கும். சுத்தியல் 100 கிராமுக்கு மேல் வேண்டாம். நடுவில் அடிக்காமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி, சில தட்டுக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஓசை மாறுவதைக் காது பிடித்துக்கொள்ளும். தளர்ந்திருக்கும்போது சலசலப்பு, இறுகியதும் கெட்டியான ஒலி. இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளில் ஓட்டை போட்டு முதலில் பழகிக்கொள்வது செலவில்லாத காப்பீடு.

தீட்டுவது எப்போது

அலகு தனியாக இருக்கும்போதே தீட்டிவிட்டால் சுலபம் என்று தோன்றும். பிடி இல்லாத கழுத்தைப் பிடித்துக் கல்லில் சமமாக இழுப்பது சிரமம்; தீட்டிய வாயோடு ரிவிட் அடிப்பது கைக்கு ஆபத்து, ஒரு தட்டு நழுவினால் வாய்க்கும் சேதம். அதனால் பூட்டிய பிறகே கல்லுக்குப் போங்கள். 1000 எண் கல்லில் இருபுறமும் சாய்வு முழுதாக உருவாகும் வரை, பிறகு 4000, 8000, முடிந்தால் 12000, அதன்பின் தோல் வாரில் இழுப்பு. முதுகில் ஒரு அடுக்கு எலக்ட்ரிகல் டேப் ஒட்டினால் முதுகு தேயாது. கோணம் ஒரு பாகை அளவு கூடும், முதுகு ஏற்கெனவே தேய்ந்த கத்திக்கு அது நல்லதுதான். முதுகு தேயாத, வாய் மட்டும் தேய்ந்த கத்திக்கு டேப் ஒட்டாதீர்கள்.

முதல் சாய்வை மட்டும் கைதேர்ந்தவரிடம் கொடுத்து வாங்கி, பிறகு பராமரிப்பை நாமே பார்த்துக்கொள்வதும் நல்ல வழி. கத்தி எப்படித் தீட்டப்பட்டிருக்க வேண்டும் என்று விரலுக்கும் கன்னத்துக்கும் ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த கத்தியை நாமே தீட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு இருக்கும்.